பழைய படகியந்திரமும் பாகந் தேடுவோரும்

படகின் பின்பலகையிலே திருகிப் பூட்டப்பெற்று, வேலை முடிந்ததும் கழற்றித் தோளிலே தூக்கிச் செல்லத்தக்க சிறு இயந்திரத்தை வெளியிணைப்பு இயந்திரம் என்பர். மீன்பிடித் துறைகளை அண்டி வாழும் மக்களுக்கு அதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை. ஆயின், இவ்வியந்திரங்களுள் எழுபது, எண்பது, நூறு ஆண்டு கடந்தவற்றைப் பாழடைந்த கொட்டில்களிலும் பழைய இரும்புக் குவியல்களிலும் இருந்து தேடியெடுத்து, கறள் போக்கி, மீண்டும் நீரில் ஓடவிடுவதையே ஓய்வுகாலத் தொழிலாகக் கொண்டோர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஸ்கந்திநேவிய நாடுகளிலும் பலர் உள்ளனர் என்பது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். அவர்களுடைய காலத்திற் பெரும்பகுதி இயந்திரத்தைத் திருத்துவதிற் செலவாவதில்லை. திருத்துவதற்கு வேண்டிய பாகத்தைத் தேடுவதிலேயே செலவாகின்றது. எந்தக் கம்பனி எந்த ஆண்டில் எவர் கைக்கு மாறியது, எந்தத் தொழிற்சாலை எவருக்காக எந்தப் பெயரில் இயந்திரம் செய்து கொடுத்தது என்னும் வணிக வரலாற்றுச் செய்திகள் யாவும், இன்று ஒரு சிறு பற்சில்லு கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கும் செய்திகளாய் உள்ளன. ஆதலின் பாகந் தேடுவோன் விரும்பியோ விரும்பாமலோ வரலாற்று மாணவனாகவும் ஆகிவிடுகின்றான்.

இயந்திரத்தின் பிறப்பைப் பற்றிப் பல நாட்டார் உரிமை கொண்டாடுவர். பாரிஸ் நகரத்துக் குஸ்தாவ் துரூவே என்பார் 1881ஆம் ஆண்டிலே, கழற்றி எடுக்கத்தக்க மின்னியந்திரம் ஒன்றைப் படகொன்றின் பின்புறத்தில் மாட்டி, செயின் ஆற்றிலே ஓட்டிக் காட்டினார். பெற்றோல் இயந்திரத்தை இவ்வாறு மாட்டி, ஓரளவு பெருந்தொகையாக விற்பனைக்குக் கொணர்ந்தவர் அமெரிக்கரான கமரன் வாட்டர்மன். அவர் தமது கருவியை 1905ஆம் ஆண்டில் டிட்ரோயிற் ஆற்றிலே சோதித்து, 1907ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். இன்று உலகெங்கும் வழங்கும் 'அவுட்போட் மோட்டார்' என்னும் பெயரும் அவர் இட்டதே என்பர். எனினும், இவ்வியந்திரத்தை ஏழைச் செம்படவனும் கருதிப் பார்க்கத்தக்க பொருளாக்கியவர் ஓலே எவின்ரூட் என்பதில் ஐயமில்லை.

எவின்ரூட் 1877ஆம் ஆண்டில் நோர்வே நாட்டிலே பிறந்து, சிறு பிராயத்திலே பெற்றோருடன் விஸ்கொன்சின் மாநிலத்திற் குடியேறியவர். அவரைப் பற்றிய கதையொன்று எல்லா நூல்களிலும் கூறப்படுகின்றது. 1906ஆம் ஆண்டின் கோடை நாளொன்றில் ஏரித்தீவொன்றில் நண்பர்களோடு உண்டாட்டு நிகழ, பின்னர் அவர் மனைவியான பெஸ் என்னும் நங்கை ஐஸ்கிறீம் வேண்டுமென்றாளாம். எவின்ரூட் கரைக்குத் துடுப்பு வலித்துச் சென்று வாங்கி, மீண்டும் துடுப்பு வலித்து வருமுன் அது வெயிலில் உருகிவிட்டதாம். அந்தச் சினத்திலே பிறந்ததே படகியந்திரம் என்று முடியும் அக்கதை. கதை மெய்யாகவும் இருக்கலாம். விளம்பரத்துக்கு நன்கு உதவியமையால் மெருகேறியதாகவும் இருக்கலாம். மெய்யென ஐயமின்றிக் கொள்ளத்தக்கது 1909ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் விற்பனைக்கு வந்த அவ்வியந்திரமே. அதன் வலு ஒன்றரைப் பரிவலு. நிறை 62 இறாத்தல். விலையும் 62 டொலர். ஒற்றை உருளை படுக்கையாக அமைய, தண்டு நிலைக்குத்தாக நீருள் இறங்கி, சாய்பற் சில்லுகளின் வழியே விசிறியைச் சுழற்றும். இந்த அமைப்பு அடிப்படையில் இன்றும் மாறவில்லை.

துடுப்பு வலித்துக் களைப்பதேன் என்னும் கருத்துப்பட விளம்பரம் எழுதியவளும், வந்த கடிதங்களுக்கு விடை வரைந்து கணக்கெழுதிக் கம்பனியை நடத்தியவளும் பெஸ் எவின்ரூட் அம்மையாரே. ஸ்கந்திநேவிய மீனவர்களிடையே அவ்வியந்திரம் விரைவிற் பரவியது. அமெரிக்கக் கொட்டில்களில் மட்டுமன்றி நோர்வே, டென்மார்க் நாட்டுக் கடலோரங்களிலும் இன்று பழைய எவின்ரூட் இயந்திரங்கள் அகப்படுவதற்கு அக்காலத்து ஏற்றுமதியே காரணமாகும். ஓர் அமெரிக்கச் சேகரிப்பாளர் தமக்கு வேண்டிய பித்தளைக் குழாயை ஒஸ்லோவிலுள்ள ஒருவரிடம் பெறுவது இன்று அருமையான நிகழ்ச்சியன்று.

அம்மையாரின் உடல்நலங் குன்றியமையால் எவின்ரூட் 1914ஆம் ஆண்டளவில் தம் பங்கைக் கூட்டாளிக்கு விற்றுவிட்டு, ஐந்தாண்டுக் காலம் அத்தொழிலில் இறங்குவதில்லை என ஒப்பந்தமும் செய்துகொண்டார். அக்காலம் கழிந்ததும் அலுமினியத்தை மிகுதியாகப் பயன்படுத்தி, இரட்டை உருளையுடைய இலகுவான இயந்திரம் ஒன்றை வகுத்தார். பழைய கூட்டாளி அதனை ஏற்கவில்லை. ஆகவே அவர் புதிய கம்பனியொன்றை அமைத்து, 'எவின்ரூட் லைற் டுவின் அவுட்போட்' என்னும் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, தம் இயந்திரத்துக்கு 'எல்ரோ' எனப் பெயரிட்டு, 1921ஆம் ஆண்டில் வெளியிட்டார். இதன் விளைவாக, எவின்ரூட் என்னும் பெயர் பொறித்த இயந்திரங்கள் எவின்ரூட்டினால் செய்யப்படாதவையாகவும், எவின்ரூட் செய்தவை வேறு பெயருடையவையாகவும் ஏறத்தாழ எட்டாண்டுக் காலம் சந்தையில் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. இவற்றின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா. 1920களின் எவின்ரூட்டுக்குப் பாகம் வேண்டுவோர் எல்ரோவின் பெட்டியைக் கிளறிப் பயனில்லை. பழக்கமில்லாதார் முதன்முதல் ஏமாறும் இடம் இதுவே.

எல்ரோவின் தீப்பொறி அமைப்பு தனிச்சிறப்புடையது. ஏனைய கம்பனிகள் பறப்புச்சில்லினுட் காந்தம் வைத்து மின் பிறப்பிக்கும் மக்னீற்றோவை நாடியபோது, எல்ரோ உலர்பற்றரியையும் அற்வாட்டர் கென்ற் கம்பனியாரின் தீப்பொறிக் கருவியையும் பயன்படுத்தியது. பறப்புச்சில்லைக் கையாற் சிறிது தட்டிவிட்டாலே இயந்திரம் கிளம்பும். வானொலி கேட்போர் அக்கம்பனியை மறந்திருக்கமாட்டார். பிலடெல்பியா நகரத்து அதே அற்வாட்டர் கென்ற், 1920களில் அமெரிக்க வீடுகளை வானொலிப் பெட்டிகளால் நிரப்பி, 1936ஆம் ஆண்டில் தொழிற்சாலையை மூடிவிட்டது. அக்கருவி உடைந்தால் இன்று புதிதாகப் பெற வழியில்லை. ஆயினும் அதனோடு இணைந்து இயங்கும் மின்சுருள் இறந்துபட்டால் பெருங்கவலை இல்லை. தகுந்த ஆறு வோல்ற்றுச் சுருளொன்று அதன் வேலையைச் செய்யும். எளிய அமைப்பின் நன்மை அது.

எல்ரோவின் போட்டியாளராக எழுந்தவர் இந்தியானா மாநிலத்து ஜோன்சன் சகோதரர்கள். அவர்களுடைய இரட்டையுருளை இயந்திரம் 1922ஆம் ஆண்டளவில் 35 இறாத்தல் நிறையோடு வெளிவந்தபோது, 48 இறாத்தல் எல்ரோவும் பாரமானதாகத் தோன்றிற்று. பின்னர் வந்தது பொருளாதார மந்தம். 1929ஆம் ஆண்டில் எவின்ரூட், எல்ரோ, லொக்வூட் ஆகிய மூன்றும் ஒன்றாயின. நொடித்துப்போன ஜோன்சன் கம்பனியும் 1930களின் நடுவில் அவற்றோடு சேர்க்கப்பட்டது. ஓலே எவின்ரூட் அதற்குமுன், 1934ஆம் ஆண்டிற் காலமானார். அம்மையார் அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். அவர்தம் மைந்தர் ரால்ப் எவின்ரூட் தலைமையில் வளர்ந்த அப்பெருங் கம்பனியே 1956ஆம் ஆண்டில் அவுட்போட் மரைன் கோப்பரேசன் என்னும் பெயர் பெற்றது.

இவ்வாறு கம்பனிகள் ஒன்றையொன்று விழுங்கியமை பாகந் தேடுவோருக்கு ஒருவகையில் அனுகூலமாயிற்று. 1950களின் தொடக்கம் முதல் இருபதாண்டுக்கு மேலாக ஜோன்சன், எவின்ரூட் எனும் இரு பெயர்களிலும் வந்த சிறிய, நடுத்தர இயந்திரங்கள் பலவற்றுக்கு ஒரேவகை மின்சுருளும், ஒரேவகைத் தொடுமுனைகளும், ஒரேவகை மின்தேக்கியும் பொருந்தும். அக்காலச் சுருள்களின் மேலுறை ஆண்டுகள் செல்லச் செல்ல வெடித்து, ஈரம் உட்புகுந்து, பொறி எழாமற் போவது பெரும்பாலும் எல்லா இயந்திரத்துக்கும் பொதுவான நோய். இலட்சக்கணக்கான இயந்திரங்களுக்கு ஒரே மருந்து வேண்டியிருப்பதால், மூலக் கம்பனி மறைந்த பின்னரும் வேறு தொழிற்சாலைகள் அச்சுருளை இலாபத்தோடு செய்து விற்கின்றன. ஐம்பதுகளின் ஜோன்சன் ஒன்றை ஓடவைப்பது இருபதுகளின் ஜோன்சனை ஓடவைப்பதிலும் எளிதாயிருப்பதற்கு வயது மட்டும் காரணமன்று.

பெயரிலே மறைந்து கிடக்கும் உறவுகளும் உண்டு. அக்காலத்து அமெரிக்கப் பெருங்கடைகள் தாம் விற்ற இயந்திரங்களுக்குத் தத்தம் பெயரைச் சூட்டிக்கொண்டன. சியேர்ஸ் கடையார் விற்ற எல்ஜின் இயந்திரங்களுட் பலவற்றை 1950களில் வெஸ்ற் பெண்ட் அலுமினியக் கம்பனி செய்தது. மொன்ற்கொமரி வார்ட் கடையாரின் சீ கிங், குட்இயர் கடைகளின் சீ பீ ஆகியன போருக்குப் பிந்திய காலத்தில் கேல்ஸ்பேர்க் நகரில், ஜோன்சன் எவின்ரூட் குடும்பத்தின் கிளைத் தொழிற்சாலையிலே உருவாயின. வெஸ்ரேண் ஓட்டோ கடையாரின் விசார்ட், மேர்க்குரி இயந்திரம் செய்த கீக்காபர் கம்பனியின் பிள்ளை. மூடியின் நிறமும் எழுத்தும் வேறாயினும் உள்ளுறுப்பு ஒன்றே. கடைப்பெயர் பொறித்த இயந்திரத்துக்குப் பாகமே இல்லை என்று கைவிரிக்கும் ஒருவனுக்கு, உறவறிந்த இன்னொருவன் ஐந்து நிமிடத்திற் பாகம் எடுத்துக் கொடுத்துவிடுவான்.

இவ்விடத்தில் மேர்க்குரியின் பிறப்பையும் ஒரு சிறிது கூறலாம். கார்ல் கீக்காபர் என்பார் 1939ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்து சீடர்பேர்க் ஊரில் நொடித்துக் கிடந்த சிறு தொழிற்சாலையொன்றை வாங்கினார். படகியந்திரம் செய்வது அவர் நோக்கமன்று. ஆயின் அங்கே, சரிவர இயங்காமையால் மொன்ற்கொமரி வார்ட் கடையார் ஏற்க மறுத்த தோர் என்னும் இயந்திரங்கள் ஏறத்தாழ முந்நூறு குவிந்து கிடந்தன. அவற்றைத் திருத்திக் கொடுத்தால் கைக்குப் பணம் வரும் எனக் கருதித் திருத்தினார். கடையார் மகிழ்ந்து மேலும் கேட்டனர். உலகப் பெருங் கம்பனிகளுள் ஒன்று, பிறர் தள்ளிய இயந்திரங்களைத் திருத்திய வேலையிலிருந்தே தோன்றியது என்பதைப் பழைய இயந்திரத்தாரிற் பலர் பெருமையோடு கூறிக்கொள்வர்.

இனி, இயந்திரத்தில் எது அழிகின்றது என்பதை நோக்கவேண்டும். இரும்பு உருளை கறள் பிடிக்கும். ஆயினும் எண்ணெயூற்றி ஊறவைத்து, மெல்லச் சூடேற்றி, பொறுமையோடு அசைத்தால் இறுகிய பிஸ்டன் பெரும்பாலும் இளகிவிடும். வெண்கலத் தாங்கிகளும் நன்கு நிலைக்கும். பனிநாடுகளில் நேரும் பெருங்கேடு உறைபனியால் வருவது. மாரிக்கு முன் உருளையைச் சூழ்ந்த நீரை வடிக்காது விட்டவனின் இயந்திரத்தில், உறைந்த நீர் விரிந்து வார்ப்பையே பிளந்துவிடும். இன்னொரு கேடு மனிதர் கையால் நேர்வது: கூம்பிய தண்டின்மேல் இறுகியிருக்கும் பறப்புச்சில்லை உரிய இழுப்பான் கொண்டு கழற்றாது, சுத்தியலால் ஓங்கியடித்து உடைத்துவிடுவர். உடைந்த பறப்புச்சில்லுகளிற் பெரும்பாலானவை கடலாலோ காலத்தாலோ உடைந்தவையல்ல.

திருத்தவே முடியாதவாறு அழிவது நாகக் கலப்பு உலோகம். 1920களில் சிறு பாகங்களை மலிவாக வார்க்க இதனைக் கையாண்டனர். அக்கால நாகத்தில் ஈயம் முதலிய மாசுகள் கலந்திருந்தமையால், ஈரக்காற்றிலே உலோகத்தின் மணிகளுக்கிடையே அரிப்பு உண்டாகி, பாகம் வீங்கி, வளைந்து, வெடித்து, ஈற்றில் கையிற் பிசைந்தால் உதிரும் நிலையை அடைகின்றது. பெட்டியிலே பிரிக்கப்படாது பத்திரமாயிருந்த புதுப் பாகமும் இந்நோய்க்குத் தப்பாது. ஏறத்தாழ முற்றிலும் தூய நாகத்தைக் கொண்டு வார்க்கும் முறை 1929ஆம் ஆண்டில் வந்த பின்னரே இக்குறை நீங்கியது. பெட்டியைத் திறக்கும் வரை மகிழ்ந்து, திறந்தபின் உதிர்ந்த தூளைக் கண்டு திகைத்தவர் பலர்.

காந்தங்களும் மூப்படையும். பழைய உருக்குக் காந்தம் வலிமையிழந்தால், அதனை வலிய மின்காந்தத்தின் இடையே வைத்து மீளவும் வலுவூட்டலாம். அக்கருவியை வைத்திருப்பவர் சிலரே. ஆகவே தபாலிற் காந்தங்கள் போய்வருகின்றன. காபுரேற்றரினுள் மிதக்கும் தக்கைக்கு இக்காலப் பெற்றோலே பகைவன். பெற்றோலிற் கலக்கப்படும் மதுசாரம், தக்கையின்மேற் பூசிய பழைய அரக்கு மெழுக்கைக் கரைத்துவிட, தக்கை ஊறிக் கனத்து அமிழ்கின்றது. பெற்றோல் நிரம்பி வழிகின்றது. புதுத் தக்கையைச் செதுக்கி, மதுசாரம் கரைக்காத பசையைப் பூசி இதனைச் சரிசெய்வர். எரிநெய்யோடு கலக்கும் எண்ணெயின் அளவும் கவனிக்கத்தக்கது. ஊசியுருளைத் தாங்கிகளையுடைய இயந்திரங்களுக்கு 1964ஆம் ஆண்டில் ஐம்பதுக்கு ஒன்று என்னும் அளவு விதிக்கப்பட்டது. அதே அளவை 1920களின் வெண்கலத் தாங்கி இயந்திரத்துக்கு இட்டால், அரும்பாடுபட்டுத் தேடிய பாகங்களெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் உருகிவிடும்.

பாகங்கள் அருகியமைக்குப் போரும் ஒரு காரணம். 1941ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்க அரசாங்கம் அலுமினியம் சேகரித்தபோது, வீட்டுச் சமையற் பாத்திரங்களோடு பழைய படகியந்திரங்களும் உலைக்குச் சென்றன. 1942ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கான உற்பத்தியும் நின்றுவிட்டது. தொழிற்சாலைகள் படையினருக்கே இயந்திரம் செய்தன. 1945ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் றைன் ஆற்றைக் கடந்த அமெரிக்கப் படகுகளிற் சிலவற்றை உந்தியவை அக்குடும்பத்துப் பேரியந்திரங்களே. ஊரில் இருந்தவர்களோ இருப்பதை வைத்துச் சமாளித்தனர். இயந்திரமொன்று நின்றுபோனால் இன்னொன்றைப் பிரித்து அதன் உறுப்பை எடுத்தனர். பிரிக்கப்பட்டதன் எஞ்சிய உடல் கொட்டிலின் மூலையிற் கிடந்தது. இன்று கண்டெடுக்கப்படும் குறையுடல்கள் பலவற்றின் வரலாறு அதுவே.

இங்கிலாந்தின் பிரிட்டிஷ் சீகல் இயந்திரத்தின் கதை இதற்கு நேர்மாறானது. 1931ஆம் ஆண்டில் வுல்வர்ஹாம்ற்றன் நகரிலே, சன்பீம் மோட்டார் சைக்கிள்களாற் புகழ்பெற்ற ஜோன் மாஸ்ரன் கம்பனியிலே அது தோன்றிற்று. பின்னர் அதனை வகுத்த ஜோன் வே-ஹோப், பில் பினிஜர் என்னும் இருவரும் தனியே எடுத்து, தென்கரையிலுள்ள பூல் துறைமுகத்தில் நடத்தினர். போர்க்காலத்திற் கடற்படையார் ஆயிரக்கணக்கில் வாங்கினர். நயம் என்பதை அவ்வியந்திரத்தில் எவரும் காணார். கயிற்றைச் சுற்றி இழுத்தே கிளப்ப வேண்டும். எரிநெய்த் தாங்கி வெளியே பித்தளையாய்த் தெரியும். எண்ணெய்ப் புகையோ கரைவரை மணக்கும். பற்சில்லுப் பெட்டிக்குச் சரியான அடைப்பில்லாமையால் எண்ணெய் கசிந்து நீரில் வண்ணங்காட்டும். விசிறியைத் தண்டோடு பிணைப்பதற்கு ஏனையோர் முறியும் ஆணி வைக்க, சீகலார் சுருள்வில்லொன்றை வைத்தனர். பாறையில் விசிறி மோதினால் வில் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். நடுக்கடலிலே ஆணி தேடும் தொல்லை இல்லை.

சீகலார் ஆண்டுதோறும் புதுமை செய்யவில்லை என்று அக்காலத்தார் குறைகூறினர். அக்குறையே பிற்காலத்தார்க்கு வரமாயிற்று. அமெரிக்கக் கம்பனிகள் மோட்டார் வண்டிக்காரரைப் பின்பற்றி ஆண்டுக்கொரு வடிவமும் நிறமும் மாற்றிக்கொண்டிருக்க, சீகலின் பாகங்கள் பத்துக்கணக்கான ஆண்டுகளுக்குப் பெரிதும் மாறாதிருந்தன. பிற்காலத்துச் சீகலின் உறுப்பு பலவேளைகளில் முற்காலத்ததற்குப் பொருந்திவிடும். உடலிற் பொறித்த எழுத்தையும் எண்ணையும் கொண்டு எந்த வகை, எந்த ஆண்டு என்பதைக் கணித்துவிடலாம். உற்பத்தி 1996ஆம் ஆண்டில் நின்றுபோயினும், எஞ்சிய பாகங்களை வாங்கி வைத்த வணிகர்களும், தேய்பவற்றைப் புதிதாய்ச் செய்வோரும் இங்கிலாந்தில் உள்ளனர். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: அதன் புரியாணிகள் பழைய பிரித்தானிய அளவின. மில்லிமீற்றர் அளவுத் திருகியைக் கொண்டு வலிந்து திருகினால் தலை உருண்டுவிடும். நாற்பது ஆண்டு கடலுப்பில் இறுகிய ஆணியின் தலை உருண்டால் அதன்பின் துளைத்தெடுப்பதன்றி வேறு வழியில்லை.

பாகம் எங்கே கிடைக்கும்? முன்பு முதலிடம் சிற்றூர் வணிகரின் பின்னறை. ஏரிக்கரை ஊர்களில் அரைநூற்றாண்டு இயந்திரம் விற்ற வணிகர், விலைபோகாத பாகங்களைப் பெட்டியும் எண்ணுமாக அடுக்கி வைத்திருப்பர். அவர் இறந்தபின் வாரிசுகள் அறையைத் துப்புரவாக்கும் நாளே பாகந் தேடுவோனுக்குத் தீர்ப்பு நாள். ஒருநாள் முந்தினால் புதையல். பிந்தினால் அனைத்தும் பழைய இரும்புக்காரனின் வண்டியில் ஏறியிருக்கும். பெட்டிகளோடு அழியும் இன்னொன்று, இந்த எண்ணுக்குப் பதிலாக அந்த எண் வந்தது, அது சிறிது அராவினால் இதற்கும் பொருந்தும் என்று அவ்வணிகர் நெஞ்சில் வைத்திருந்த அறிவு. கம்பனிகள் பாகமொன்றைச் சிறிது மாற்றும்போதெல்லாம் எண்ணையும் மாற்றிய காரணத்தால், ஒரே பாகம் இரண்டு மூன்று எண்களுக்குள் ஒளிந்திருக்கும். பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டும் வரைபடங்களோடு கம்பனிகள் வெளியிட்ட பட்டியல்கள், இந்நாளில் அவ்வியந்திரங்களிலும் விருப்போடு தேடப்படுகின்றன.

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பழைய வெளியிணைப்பு இயந்திரக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் கிளைகள் ஆண்டுதோறும் ஏரிக்கரைகளிற் கூடுகின்றன. காலையில் புல்வெளியில் பாய் விரித்தாற்போலப் பாகங்கள் பரப்பப்படும். கொள்வனவும் பண்டமாற்றும் நிகழும். மாலையில் இயந்திரங்கள் நீரில் ஓடும். பீற்றர் ஹன் என்பார் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் இவ்வியந்திரங்களைப் புதிதாய் நாடுவோர் பலரை உண்டாக்கியது.

இக்கழகத்தாரிடையே தீராத வழக்கொன்று உண்டு. குறையுடைய இயந்திரங்கள் இரண்டு கையில் உள்ளபோது, ஒன்றைப் பிரித்து மற்றொன்றை முழுமையாக்குவதே எளிய வழி. இலட்சக்கணக்கிற் செய்யப்பட்ட இயந்திரமாயின் எவரும் வருந்தார். ஆயின் 1928ஆம் ஆண்டில் வந்த எல்ரோவின் நான்குருளை இயந்திரம் போன்ற ஒன்றைப் பிரிப்பது, ஏட்டுச்சுவடி ஒன்றின் கிழிந்த ஏட்டைப் பிறிதொரு சுவடியின் ஏட்டைக் கொண்டு நிரப்புவது போன்றதே. ஒன்று நிறைய, மற்றது என்றென்றைக்கும் குறைகின்றது. முழுமையாக ஓடும் ஓரியந்திரம் ஓடாத இரண்டிலும் மேல் என்பர் ஒரு சாரார். இன்று கிடைக்காத பாகம் நாளை கிடைக்கக்கூடும், பிரித்தது மீளாது என்பர் மறுசாரார். பிந்தியவரின் கூற்றுக்குச் சான்று உண்டு. இருபதாண்டு மூலையிற் கிடந்தபின் தனக்குரிய பாகத்தைப் பெற்று ஓடிய இயந்திரங்கள் சில உள. அவரவர் வயதைப் பொறுத்தே பொறுமையும் அமையும் என்பதையும் கருத வேண்டும்.

எங்கும் கிடைக்காதபோது புதிதாய்ச் செய்துகொள்வர். பழைய பாகத்தையே மாதிரியாக மணலில் அழுத்தி, அலுமினியத்தை உருக்கி வார்ப்பது எளிதாகத் தோன்றும். ஆயின் உருகிய அலுமினியம் ஆறும்போது அடிக்கு ஏறத்தாழ ஆறில் ஓரங்குலம் சுருங்கும். ஆதலால் பழையதைப் பார்த்து வார்த்தது பழையதிலும் சிறிதாகவே வரும். துளைகள் ஒன்றுக்கொன்று ஒவ்வா. அறிந்தவர் சுருக்கத்துக்கு ஈடாகப் பெரிதாக்கிய மாதிரியை மரத்திற் செதுக்குவர்; அண்மைக் காலத்திலே கணினி கொண்டு பிளாத்திக்கில் அச்சிட்டும் எடுப்பர். தனியொருவர் ஒரு பாகத்துக்காக இத்துணை உழைத்தபின், அதே மாதிரியில் மேலும் இருபது வார்த்துக் கழகத்தார்க்கு விற்பது வழக்கம். அவற்றின் உட்புறத்தே புதியது என்பதை உணர்த்தும் அடையாளம் இடுவோரும் உண்டு. அது பிற்காலத்தார் ஏமாறாதிருத்தற் பொருட்டு. அடையாளம் இடாதவரை நேர்மையற்றவர் எனக் கூறமுடியாதாயினும், அவர் செயல் வரலாற்றைக் குழப்புவதே.

2000ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவுட்போட் மரைன் கோப்பரேசன் நொடித்துப்போயிற்று. பலர் அன்று பாகங்களின் வரத்தே அற்றுவிடும் என அஞ்சினர். அடுத்த ஆண்டில் கனடா நாட்டுப் பொம்பார்டியர் கம்பனியார் ஜோன்சன், எவின்ரூட் பெயர்களை வாங்கித் தொழிலைத் தொடர்ந்தனர். அவர்கள்பால் வளர்ந்த புதிய எவின்ரூட் இயந்திரம், எரிநெய்யை உருளைக்குள் நேரே பீய்ச்சி, அதன் அளவையும் நேரத்தையும் மின்னணு மூளையொன்றினால் ஆளும் நுட்பம் உடையது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. விற்ற இயந்திரங்களுக்குப் பாகங்கள் தொடர்ந்து வழங்கப்படும் எனக் கம்பனியார் அறிவித்தனர். 1909ஆம் ஆண்டின் எவின்ரூட்டுக்கு ஒரு கடைச்சற் பட்டறையும் ஒரு வார்ப்புப் பட்டறையும் இருந்தால் அதன் எந்த உறுப்பையும் செய்துகொள்ளலாம். 2020ஆம் ஆண்டினதன் மின்னணு மூளையை மணலில் அழுத்தி வார்க்க இயலாது. அவ்வியந்திரங்களை வாங்கியோருள் முன்யோசனையுள்ள சிலர், அம்மூளைகளை இப்பொழுதே வாங்கி, ஈரம் அணுகாப் பெட்டிகளில் வைக்கத் தொடங்கியுள்ளனர்.